கிம்ப்பில் ஒரு படத்தின் நிறத்தைச் சரிசெய்வது எப்படி

மஞ்சள் விளக்கு எரியும் அறைக்குள் நுழைந்த நொடியில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த மஞ்சள் காணாமல் போய்விடும். மேசைமேல் கிடக்கும் தாள் வெள்ளையாகவே தெரியும். விளக்கும் மாறவில்லை, தாளும் மாறவில்லை. நம் பார்வை அந்த ஒளிக்குப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். கேமராவுக்கு இப்படிப் பழகத் தெரியாது. எந்த ஒளியில் எடுக்கிறோம் என்பதை அது ஊகிக்கப் பார்க்கும். ஊகம் தவறினால் முகம் ஆரஞ்சாகவும் சுவர் பழுப்பாகவும் பதிவாகிவிடும்.

அதைத் திருத்த உட்காரும்போதும் இதே பழக்கம் நம்மை ஏமாற்றும். நீலச்சாயல் ஏறிய படத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே சரியான நிறம் என்று தோன்றத் தொடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் நீலம் கூட்டினாலும் தவறாகத் தெரியாது. அதனால்தான் புதிதாகக் கற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்பும் படத்தின் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். அது கடினமான வேலை இல்லை. மூன்று எண்களை ஒப்பிடத் தெரிந்தால் போதும்.

எந்த மென்பொருள்

இந்த வழிகாட்டி படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளுக்கானது. 1995இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது இது. இன்றும் தன்னார்வலர்களே இதை வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

2025 மார்ச்சில் வெளியான 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போடுங்கள். காரணம் உண்டு. பழைய 2.10 பதிப்பில் ஒரு நிறத் திருத்தத்தைச் செய்து முடித்ததும் அது படத்தோடு கலந்துவிடும்; பின்னால் போய் அளவை மட்டும் மாற்ற முடியாது. 3.0இல் திருத்தங்கள் லேயர் எனும் பட அடுக்கின்மேல் தனியாக நிற்கின்றன. லேயர் பட்டியலில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி தோன்றும். அதைச் சொடுக்கினால் நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் வரிசையாக வரும். எதையும் அணைக்கலாம், மறுபடி திறந்து மாற்றலாம், வரிசையைக்கூட மாற்றலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. உங்களிடம் 2.10 தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அதிலும் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்பும் லேயரை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே தரும் ரா கோப்புகளை வைத்திருப்பவர்கள் டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற இன்னொரு திறமூல மென்பொருளையும் நிறுவ வேண்டும். கிம்ப் தானாக ரா கோப்பைப் படிக்காது, இவற்றிடம் ஒப்படைத்து வாங்கிக்கொள்ளும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான் இருக்கும். 12 பிட் ரா கோப்பில் 4096 படிகள், 14 பிட்டில் 16384 படிகள். மிக மோசமான வெளிச்சத்தில் எடுத்த படத்தை மீட்பதற்கு அந்தக் கூடுதல் படிகள்தான் கைகொடுக்கும். ஆனால் அடிப்படை கற்பதற்கு ஜேபெக் போதும், அதிலேயே தொடங்குவோம்.

திரையைச் சரிசெய்த பிறகு படம்

கணினியில் இரவு நேரத்துக்கான மஞ்சள் ஒளி வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணையுங்கள். அது திரையின் நீலத்தைக் குறைப்பதால், நீங்கள் அறியாமலே படத்தில் நீலத்தைக் கூட்டிவிடுவீர்கள். திரையின் பிரகாசத்தை நடுத்தரத்தில் வையுங்கள். மிகப் பிரகாசமான திரையில் திருத்திய படம் அச்சில் இருண்டுபோய் வருவது எல்லோருக்கும் நடக்கும் கதை. ஜன்னல் வெயில் திரையில் விழாத இடமாக உட்காருங்கள்.

கிம்ப்பின் விருப்பத்தேர்வுகளில் இடைமுகத்தின் நிறத்தை மாற்ற முடியும். கறுப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், நடுத்தரச் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புச் சட்டத்துக்குள் இருக்கும் படம் உள்ளதைவிட வெளிச்சமாகவும், வெள்ளைச் சட்டத்துக்குள் இருண்டும் தெரியும். சாம்பல் எந்தப் பக்கமும் இழுக்காது.

திரையை அளக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளேகால் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. கருவி இல்லாதவர்கள் இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எண்களைப் பார்த்து வேலை செய்யும்போது திரையின் குறை பாதிக்குமேல் அடிபட்டுப்போகும்.

படத்தைத் திறந்ததும்

மூலப் படத்தைத் தொடக்கூடாது. அதை நகலெடுத்து, நகலைத் திறங்கள். படத்தின் எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் வண்ண விவரக்குறிப்பு படத்துக்குள் பதிந்திருக்கும். அதை மாற்றவா, அப்படியே வைத்திருக்கவா என்று கிம்ப் கேட்டால், அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து இமேஜ் மெனுவில் பிரிசிஷன் என்ற இடத்துக்குப் போய் 16 பிட் அல்லது 32 பிட் என்று மாற்றுங்கள். இதனால் ஜேபெக்கில் இல்லாத விவரம் புதிதாக வந்துவிடாது. ஆனால் அடுத்தடுத்துத் திருத்தும்போது ஏற்படும் கணக்குப் பிசகுகள் சேர்ந்து, வானம் போன்ற மழமழப்பான பகுதிகளில் பட்டை பட்டையாகத் தெரிவது குறையும். ரொம்பப் பழைய கணினி என்றால் 16 பிட் போதும்.

உடனே ஒருமுறை சேமித்துவிடுங்கள். கிம்ப்பில் சேவ் என்றால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவில்தான் சேமிக்கும். லேயர்கள், மாஸ்க்குகள், திருத்தங்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். ஜேபெக் வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் என்ற தனிக் கட்டளை. சேவ் பெட்டியில் ஜேபெக்கைத் தேடி அலுத்துப்போகும் புதியவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை ஆரம்பத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேராக்குவதும் வெட்டுவதும். அளவிடும் கருவியை எடுத்து, படத்தில் கிடைமட்டமாக இருக்க வேண்டிய ஒரு கோட்டின்மீது இழுங்கள்: தொடுவானம், மேசை விளிம்பு, கட்டடத்தின் தளம், எதுவானாலும் சரி. கருவியின் விருப்பங்களில் ஸ்ட்ரெய்ட்டன் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் படம் நேராகிவிடும். பிறகு ஷிஃப்ட்டுடன் சி அழுத்தி வெட்டும் கருவியை எடுத்துத் தேவையில்லாத ஓரங்களை நீக்குங்கள். நிறத்துக்கு முன்பே வெட்டச் சொல்வதற்குக் காரணம், ஓரத்தில் இருக்கும் பளீரென்ற விளக்கோ இருண்ட தூணோ நாம் அடுத்துப் பார்க்கப்போகும் வரைபடத்தைக் குழப்பிவிடும்.

முதலில் வெளிச்சம்

கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறங்கள். நடுவில் மலைத்தொடர் போல ஒரு வரைபடம் தெரியும். அதுதான் ஹிஸ்டோகிராம். இடது முனை முழுக் கறுப்பு, எண் 0. வலது முனை முழு வெள்ளை, எண் 255. ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் படத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதை அந்த இடத்தின் உயரம் காட்டுகிறது.

மங்கிய படத்தில் இந்த மலை நடுவிலேயே குவிந்திருக்கும், இரண்டு பக்கமும் வெறும் தரையாக இருக்கும். படத்தில் உண்மையான கறுப்பும் இல்லை, உண்மையான வெள்ளையும் இல்லை என்று அர்த்தம். வரைபடத்தின் கீழே மூன்று முக்கோணங்கள் உள்ளன. இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடம்வரையிலும், வலது முக்கோணத்தை மலை முடியும் இடம்வரையிலும் நகர்த்துங்கள். படம் மேலிருந்து ஒரு திரையை விலக்கியதுபோல் தெளியும். நடு முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்தால் கறுப்பையும் வெள்ளையையும் தொடாமல் இடைப்பட்ட பகுதிகள் வெளிச்சமாகும், வலப்பக்கம் இழுத்தால் இருளும்.

முக்கோணத்தை மலைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். அந்த எல்லைக்கு வெளியே விடுபட்ட பிக்சல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகவோ ஒரே வெள்ளையாகவோ ஆகி, அங்கிருந்த துணி மடிப்பும் முடியிழையும் மேகத்தின் வளைவும் அழிந்துபோகும். விளக்கின் இழை, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில் போன்ற சின்னப் புள்ளிகள் மட்டும் முழு வெள்ளையானால் தவறில்லை.

எல்லாப் படத்திலும் கறுப்பும் வெள்ளையும் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பனிமூட்டத்தை எடுத்த படத்தில் மலை நடுவில் குவிந்திருப்பதுதான் நியாயம். அதை இரண்டு முனைக்கும் இழுத்தால் பனி போய்விடும், படமும் போய்விடும். தானாகச் சரிசெய்யும் பொத்தான்களை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம். எது பனி, எது அழுக்கு லென்ஸ் என்று அவற்றுக்குத் தெரியாது.

ஏற்கெனவே 255ஐத் தொட்டு வெளுத்துப்போன இடத்தை ஜேபெக்கில் மீட்க முடியாது; அங்கே பதிவே இல்லை. இருளில் புதைந்த பகுதிகளை ஓரளவு மீட்கலாம். கலர்ஸ் மெனுவிலேயே ஷேடோஸ்-ஹைலைட்ஸ் இருக்கிறது, அதில் ஷேடோஸ் ஸ்லைடரை மெதுவாகக் கூட்டுங்கள். பொருள்களின் விளிம்பைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது, குறையுங்கள்.

இனி நிறச்சாயல்

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான், இங்கே நிதானமாகப் போகலாம்.

திரையில் தெரியும் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண். மூன்றும் சமமாக இருந்தால் அது நிறமற்ற சாம்பல்: 40, 40, 40 என்றால் கருஞ்சாம்பல், 200, 200, 200 என்றால் வெளிர்சாம்பல். உண்மையில் சாம்பலாக இருக்கும் ஒரு பொருள் படத்தில் சமமற்ற எண்களைக் காட்டினால், எந்த எண் மிகுதியோ அந்தச் சாயல் படத்தில் ஏறியிருக்கிறது. இவ்வளவுதான் கணக்கு.

எண்களைப் பார்க்க, கிம்ப்பின் விண்டோஸ் மெனுவில் பாயிண்டர் என்ற பலகையைத் திறந்து வையுங்கள். சுட்டியைப் படத்தின்மேல் நகர்த்த நகர்த்த, கீழே இருக்கும் பிக்சலின் எண்கள் அதில் ஓடும். 0 முதல் 255 வரை காட்டும்படி அதில் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு சிமெண்ட் சுவரின்மேல் சுட்டியை வைக்கிறீர்கள், 168, 150, 121 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. மஞ்சள் கலந்த ஆரஞ்சுச் சாயல், மின்விளக்கொளியில் எடுத்த படம். கண்ணுக்கு அது பழகிப்போயிருக்கலாம், எண் பழகாது.

சாயலைக் குறைக்க அதன் எதிர் நிறத்தைக் கூட்ட வேண்டும். எதிர் இணைகள் மூன்று: சிவப்புக்கு சயான் (பச்சை கலந்த நீலம்), பச்சைக்கு மெஜெந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), நீலத்துக்கு மஞ்சள். இதை மனப்பாடமே செய்துவிடுங்கள். ட்யூப்லைட்டின் கீழே எடுத்த படம் பச்சையடித்தால் மெஜெந்தாவைக் கூட்ட வேண்டும் என்பது யோசிக்காமல் வர வேண்டும்.

கையால் செய்வதற்கு முன் சுலபமான வழி ஒன்று. லெவல்ஸ் பெட்டியில் மூன்று ஐட்ராப்பர்கள் இருக்கும்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. சாம்பல் ஐட்ராப்பரை எடுத்து, உண்மையில் நிறமற்றது என்று உங்களுக்குத் தெரிந்த இடத்தில் சொடுக்குங்கள். அந்த இடத்தின் மூன்று எண்களும் சமமாகும்படி கிம்ப் படம் முழுவதையும் மாற்றிவிடும். பெரும்பாலான படங்களில் இந்த ஒரு சொடுக்கு முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். கருவி விருப்பங்களில் சாம்பிள் ஆவரேஜ் என்பதை இயக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைப் பிக்சலின் புள்ளிக்கோளாறு முழுப் படத்தையும் திசைமாற்றிவிடும்.

கஷ்டம் எல்லாம் அந்த நிறமற்ற இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான். தார்ச்சாலை, சிமெண்ட், எஃகு, அச்சுத்தாள், மேகத்தின் நிழல் பகுதி, இவை ஓரளவு நம்பத்தக்கவை. வெள்ளைத் துணியில் கவனம் வேண்டும். சலவைத்தூளில் சேர்க்கப்படும் பளிச்சிடும் பொருள் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்கிறது. அதனால் வெயிலில் எடுத்த வெள்ளைச் சட்டையைச் சாம்பலாக்கினால் மீதிப் படம் மஞ்சளாகிவிடும். மரத்தடியில் நிற்பவரின் சட்டையில் இலைப்பச்சை விழுந்திருக்கும். பற்களும் கண்ணின் வெண்படலமும் வெள்ளையே இல்லை, அவற்றைத் தொடாதீர்கள். ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு மூன்று இடங்களில் சொடுக்கிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே விளைவைத் தந்தால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

நிறமற்ற பொருளே இல்லாத படம் என்றால் கலர்ஸ் மெனுவில் கலர் டெம்ப்பரேச்சர் இருக்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வது வழக்கம்: மஞ்சள் குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை, நண்பகல் வெயில் சுமார் 5500, திறந்த வானத்தின் நிழல் 7000க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். ஸ்லைடரை நகர்த்திப் படம் குளிர்கிறதா, வெம்மையாகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். இது மஞ்சள்-நீலத் திசையில் மட்டுமே வேலை செய்யும். பச்சை, மெஜெந்தா சாயலுக்குக் கலர் பேலன்ஸ்தான் வேண்டும். அதில் நிழல், நடு, வெளிச்சம் என்று மூன்று பகுதிகளைத் தனித்தனியாகத் திருத்தலாம். நிழலில் மட்டும் நீலம் ஏறிய படத்துக்கு அது மிகவும் பொருத்தம்.

மனித முகம் இருந்தால் அதுவும் ஓர் அளவுகோல். மிகக் கறுத்த தோலோ மிக வெளுத்த தோலோ, இயல்பான ஒளியில் எடுத்த படத்தில் சிவப்பு எண்தான் பெரியது, அடுத்தது பச்சை, கடைசி நீலம். கன்னத்திலோ நெற்றியிலோ சுட்டியை வைத்துப் பாருங்கள். நீலம் பச்சையை மிஞ்சியிருந்தால் முகம் ஊதாவடிக்கிறது. பச்சை சிவப்பை நெருங்கியிருந்தால் நோயாளி போலத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிறத்தைச் சரிசெய்வது வேறு, ஒருவரின் தோலை வெளுக்கச் செய்வது வேறு. மாநிறத் தோலின் செழுமை அதன் நடு வெளிச்சங்களில் இருக்கிறது. லெவல்ஸின் நடு முக்கோணத்தைத் தாராளமாக இழுத்தால் அந்தச் செழுமைதான் முதலில் சாம்பல் பூத்துப்போகும். முகம் இருட்டாக இருந்தால் வெளிச்சம் கொடுங்கள், நிறத்தை மாற்றாதீர்கள். படத்தில் இருப்பவர் கண்ணாடியில் பார்க்கும் முகம் படத்திலும் இருக்க வேண்டும்.

எல்லாச் சாயலும் குறையும் இல்லை. அந்தி வெயில், விளக்கேற்றிய முகம், அடுப்பு வெளிச்சம், இவற்றில் சாம்பலைத் தேடி எண்களைச் சமமாக்கினால் அந்த நேரமே படத்திலிருந்து வெளியேறிவிடும். அப்படிப்பட்ட படத்தில் சாயலைப் பாதியளவு குறைத்து நிறுத்துவேன். திருத்தப் பெட்டியின் கலப்பு விருப்பங்களில், திருத்தம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் ஒப்பாசிட்டியை 50க்கு இறக்கினால் போதும்.

பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்களுக்கு: வண்ண அச்சுகளின் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. சயான் சாயம் முதலில் போன அச்சு செந்நிறமாகிவிடும். லெவல்ஸில் சேனல் என்ற இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாகத் தேர்ந்து, ஒவ்வொன்றின் மலை முனைக்கும் முக்கோணங்களைக் கொண்டுபோங்கள். மூன்றாவதை முடிக்கும்போது பல ஆண்டுகளாக மறைந்திருந்த நிறம் திரும்பி வருவதைப் பார்க்கலாம். கலர்ஸ் மெனுவின் ஆட்டோ பகுதியில் உள்ள ஒயிட் பேலன்ஸ் இதையேதான் தானாகச் செய்கிறது. ஒவ்வொரு சேனலின் இரு முனையிலும் 0.05 சதவீதப் பிக்சல்களைத் தள்ளிவிட்டு மீதியை விரிக்கிறது. பழைய ஸ்கேன்களுக்கு மட்டும் அதை முதலில் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

ஒரே படத்தில் இரண்டு ஒளி

ஜன்னல் வழியே பகல் வெளிச்சம், உள்ளே மஞ்சள் விளக்கு. அறையைச் சரிசெய்தால் ஜன்னல் பக்கம் நீலமாகிறது, ஜன்னலைச் சரிசெய்தால் அறை ஆரஞ்சாகிறது. ஒரே திருத்தத்தில் இது தீராது. மாஸ்க் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

லேயரை நகலெடுங்கள். கீழ் லேயரை ஜன்னல் ஒளிக்கு ஏற்பத் திருத்துங்கள், மேல் லேயரை விளக்கொளிக்கு. பிறகு மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் சேருங்கள். மேல் லேயர் முழுவதும் மறைந்துவிடும், ஏனென்றால் மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். டி விசையை அழுத்தினால் நிறங்கள் கறுப்பு-வெள்ளைக்குத் திரும்பும், எக்ஸ் அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். வெள்ளை நிறத்தில், ஓரம் மென்மையான பெரிய தூரிகையால், விளக்கொளி விழும் பகுதிகளில் தீட்டுங்கள். மாஸ்க்கின் சிறுபடம் தேர்வில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் படத்தின்மேலேயே வெள்ளை பூசப்படும். இரண்டு ஒளியும் கலக்கும் இடத்தில் தூரிகையின் ஒப்பாசிட்டியைக் குறைத்து மெல்ல மெல்லத் தீட்டினால் எல்லை தெரியாது.

கர்வ்ஸ், பிறகு வண்ணச்செறிவு

சாயல் நீங்கிய பிறகுதான் கான்ட்ராஸ்ட். முன்பே கூட்டினால் சாயலும் சேர்ந்து கூடிவிடும். கர்வ்ஸ் பெட்டியில் ஒரு மூலைவிட்டக் கோடு இருக்கும். மேல் காற்பகுதியில் ஒரு புள்ளி வைத்து லேசாக மேலே, கீழ்க் காற்பகுதியில் ஒரு புள்ளி வைத்து லேசாகக் கீழே. வளைவு மெலிந்த ஆங்கில எஸ் எழுத்தாகத் தெரிந்தால் போதும். பெட்டி திறந்திருக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்தியபடி படத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கினால், அந்த இடத்துக்குரிய புள்ளி வளைவில் விழும். முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும் என்றால் முகத்தில் சொடுக்கி அந்தப் புள்ளியைத் தூக்குங்கள்.

வளைவைக் கூட்டும்போது நிறங்களும் சேர்ந்து அடர்வதைக் கவனிப்பீர்கள். மூன்று சேனல்களும் ஒன்றாக விரிவதால் வருவது அது. எனவே வண்ணச்செறிவைத் தனியாகக் கூட்டுவதற்கு முன் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் தேவையே இருக்காது. தேவைப்பட்டால் ஹியூ-சாச்சுரேஷன் பெட்டியில் குறிப்பிட்ட நிறத்தை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள். புல் கண்ணைக் கூசினால் அங்கே குறைக்க வேண்டியது மஞ்சளை. புல்லில் பச்சையைவிட மஞ்சள்தான் அதிகம் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் எழுந்து போய் ஐந்து நிமிடம் வேறு எதையாவது பாருங்கள். திரும்பி வந்து பார்க்கும் முதல் இரண்டு நொடிகளில் படம் எப்படித் தெரிகிறதோ அதுதான் மற்றவர்களுக்கும் தெரியப்போவது. அந்த இரண்டு நொடிகளுக்குள் பெட்டியின் ஸ்ப்ளிட் வியூவை இயக்கி முன், பின் இரண்டையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

புள்ளிகள், கூர்மை, ஏற்றுமதி

சென்சார் தூசி, சுவர்க்கறை போன்றவற்றுக்கு ஹீல் கருவி. எச் விசை. கண்ட்ரோலை அழுத்தி நல்ல இடத்தில் சொடுக்கி, பிறகு கறையில் சொடுக்குங்கள். நகல் லேயரில் செய்யுங்கள்.

கூர்மைப்படுத்துவது எப்போதும் அளவை மாற்றிய பிறகு. திரைக்கு என்றால் நீண்ட பக்கம் 2048 பிக்சல் தாராளம். அச்சுக்கு என்றால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு: 4க்கு 6 அங்குல அச்சுக்கு 1200க்கு 1800 பிக்சல். பிறகு 1 விசையை அழுத்திப் படத்தை உண்மை அளவில் வைத்து, ஃபில்டர்ஸ் மெனுவின் என்ஹான்ஸ் பகுதியில் அன்ஷார்ப் மாஸ்க்கைத் திறங்கள். ரேடியஸ் 3 என்று நிற்கும். திரைக்கான சிறிய படத்துக்கு அது அதிகம், 1க்குக் கீழே இறக்கி, அமௌண்ட்டை 0.5க்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஏற்றுமதிக்கு முன் இமேஜ் மெனுவின் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண விவரக்குறிப்புக்குக் கன்வர்ட் செய்யுங்கள். பக்கத்திலேயே அசைன் என்று ஒன்று இருக்கும், அதை எடுக்காதீர்கள். கன்வர்ட் செய்தால் எண்கள் மாறும், நிறம் அப்படியே இருக்கும். அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், நிறம் மாறிவிடும். அடோபி ஆர்ஜிபி என்ற வேறொரு விவரக்குறிப்பில் எடுத்த படம் சிலரின் கைபேசியில் செத்துப்போய்த் தெரிவதும் இந்த ஒரு படியைத் தவறவிட்டதால்தான்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றையும் அழுத்தினால் எக்ஸ்போர்ட் பெட்டி வரும். கோப்பின் பெயரில் ஜேபெக் பின்னொட்டைக் கொடுங்கள், தரம் 90 போதும். வண்ண விவரக்குறிப்பைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். கேமரா படத்தோடு சேர்த்துப் பதியும் எக்ஸிஃப் விவரத்தில் படம் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் இருக்கலாம். வீட்டில் எடுத்த படத்தைப் பொதுவில் போடுவதாக இருந்தால் எக்ஸிஃப் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பின்னால் மாற்றம் தேவைப்பட்டால் எக்ஸ்சிஎஃப்பைத் திறந்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக்கையே திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் கழியும்.

ஒரே நிகழ்ச்சியில், ஒரே ஒளியில் எடுத்த படங்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து திருத்த வேண்டாம். லெவல்ஸ், கர்வ்ஸ், கலர் பேலன்ஸ் எல்லாப் பெட்டிகளின் மேலேயும் பிரீசெட்ஸ் என்ற வரி இருக்கும். முதல் படத்தில் எண்கள் சரியாக அமைந்ததும் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைச் சொடுக்கி, அந்த இடத்தின் பெயரிலோ ஒளியின் பெயரிலோ சேமித்துவிடுங்கள். அடுத்த படத்தில் அதே பெயரைத் தேர்ந்தால் அளவுகள் வந்து உட்காரும். முகத்திலும் சுவரிலும் சுட்டியை வைத்து எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சின்ன வித்தியாசம் இருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள்.